ஓபெத்: உறுமல் திரும்பிவிட்டது, எனக்கு ஏன் இன்னும் நிறையவில்லை?

ஆறாம்தந்தி:

2024 நவம்பரில் ஸ்வீடன் மெட்டல் குழு ஓபெத்தின் 'தி லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமெண்ட்' ஆல்பம் வந்ததிலிருந்து எங்கே பார்த்தாலும் ஒரே பேச்சு, "பழைய ஓபெத் திரும்பிவிட்டது" என்று. 2008-இல் வந்த 'வாட்டர்ஷெட்'டுக்குப் பிறகு முதல்முறையாக ஓபெத் ஆல்பம் ஒன்றில் பாடகர் மிக்கேல் ஓகர்ஃபெல்ட் உறுமியிருக்கிறார் (டெத் மெட்டலில் அடித்தொண்டையிலிருந்து பாடும் முறை அது), சரி. ஆனால் நடுவில் கைவிட்டுப் போனது உறுமல் மட்டும்தான் என்று நான் நினைக்கவில்லை. அதை விரிவாக எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக இருந்தது. எதிர்த்துப் பேசுகிறவர்கள் தாராளமாகப் பேசுங்கள்.

'ப்ளாக்வாட்டர் பார்க்' வந்த 2001-இலிருந்து இந்த ஸ்வீடன்காரர்களைக் கேட்டு வருகிறேன். அதற்கு முன் எனக்குத் தெரிந்த டெத் மெட்டல் குழுக்கள் ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே வேகத்தில் அடித்து முடிப்பவர்கள். இவர்கள் பத்து நிமிடப் பாட்டு போடுவார்கள், அதில் நாலைந்து நிமிடம் இடி விழும், அப்புறம் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ஒற்றை அக்கவுஸ்டிக் கிட்டார், அதன்மேல் இதுவரை உறுமிக்கொண்டிருந்த அதே தொண்டையிலிருந்து அவ்வளவு சாந்தமாக ஒரு குரல். நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்களே, ஓபெத் என்றால் எனக்கு அதுதான். அந்த மெல்லிய பகுதிகளைத் தனியாக வெட்டி எடுத்துக் கேட்டால் நல்ல இசைதான், ஆனால் உடம்பு சிலிர்க்காது. இடியிலிருந்து வெளியே வந்து கேட்டால்தான் சிலிர்க்கும்.

2005-இல் வந்த 'கோஸ்ட் ரெவரீஸ்' முதல் பாட்டின் முதல் சில நொடிகளைக் கேளுங்கள். தயங்கித் தயங்கி விழும் சில கிட்டார் சுரங்கள், வேறு ஒன்றுமே இல்லை. சத்தம் போதவில்லையே என்று கை வால்யூமைக் கூட்டப் போகும், அதற்குள் மொத்தக் குழுவும் குரலோடு சேர்ந்து ஒரே அடியாக விழும். எத்தனையோ முறை கேட்டும் அந்த இடத்தில் எனக்கு இன்னும் தோள் தூக்கிப் போடுகிறது.

2011-இல் 'ஹெரிடேஜ்' வந்தது. இரண்டு நிமிட பியானோவோடு தொடங்கியது. சரி, இதற்குப் பிறகு இடி வரும் என்று காத்திருந்தேன். ஆல்பம் முடிந்தது, வரவே இல்லை. கிட்டாரில் டிஸ்டார்ஷனை, அதாவது அந்தக் கரகரப்பைக் குறைத்துவிட்டார்கள், இரண்டு காலாலும் மிதித்து அடிக்கும் டபுள் பேஸ் டிரம் கிட்டத்தட்ட காணோம், ஹாமண்ட் ஆர்கன், மெல்லோட்ரான் என்ற பழைய காலத்து கீபோர்டுகள் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டன. அட்டைப் படத்தில் ஒரு மரம், அதில் பழமாகத் தொங்கும் குழுவினரின் முகங்கள், வேர் மண்ணுக்கு அடியில் சாத்தான் இருக்கும் இடம் வரை போகிறது. அந்த வேர்தான் டெத் மெட்டல் பழங்காலம் என்று சொன்னார்கள். வேரைப் படமாக வரைந்துவிட்டு இசையில் அறுத்துவிட்டார்களே என்று அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்னும் தீரவில்லை.

அதற்குப் பிறகு 'பேல் கம்யூனியன்' (2014), 'சோர்சரஸ்' (2016), 'இன் காவ்டா வெனெனம்' (2019). மூன்றையும் வாங்கினேன், கேட்டேன். எதுவும் மோசமான ஆல்பம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீளமான, சிக்கலான பாட்டுகள் போட்ட எழுபதுகளின் ப்ராக் ராக் குழுக்களைத் தேடிப் போனால் இதே சத்தம் அசலாகவே கிடைக்கிறதே. ஓபெத் மட்டுமே கொடுக்க முடிந்த ஒன்று இருந்தது, அதைத்தான் விட்டுவிட்டார்கள்.

இரட்டைமிதி:

ஆறாம்தந்தி, நீங்கள் சொல்வதில் பாதிக்கு முழு சம்மதம். ஆனால் திருப்பம் 2011-இல் வந்தது என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. நான் டிரம்ஸ் வாசிப்பவன், என் காதுக்கு அது 2006-லேயே தொடங்கிவிட்டது. அந்த வருடம்தான் டிரம்ஸ் வாசித்த மார்ட்டின் லோபஸ் விலகினார்.

உருகுவே வேர்கள் உள்ள ஆள், பாஸ் கிட்டார் வாசிக்கும் மார்ட்டின் மெண்டெஸும் அதே ஊர்க்காரர். இரண்டு பேரும் சேர்ந்து அந்தக் கனமான ரிஃப்களுக்கு (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துண்டுகளுக்கு) அடியில் ஒரு ஆட்டத்தை வைத்திருந்தார்கள். 'டெலிவரன்ஸ்' (2002) தலைப்புப் பாட்டின் கடைசி மூன்று நிமிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ரிஃப், வெட்டி வெட்டி, திரும்பத் திரும்ப. காகிதத்தில் எழுதினால் ஒரு வரிதான் வரும். ஆனால் காலால் அடிக்கும் கிக் டிரம்மும் கிட்டாரும் ஒட்டிக்கொண்டே போக, நடுவில் விடும் இடைவெளிகள்தான் கேட்பவனைப் பிடித்து இழுக்கும். அதை வாசிக்கப் பழகியவர்களுக்குத் தெரியும், கஷ்டம் வேகத்தில் இல்லை, அந்த இடைவெளிகளை அவசரப்படாமல் விடுவதில் இருக்கிறது.

அவர் இடத்துக்கு வந்த மார்ட்டின் ஆக்ஸன்ராட் பெரிய வித்தைக்காரர், ப்ளட்பாத் குழுவில் அவர் அடித்ததைக் கேட்டவன் நான். ஆனால் வேறு கை. 2007-இல் கிட்டார் பீட்டர் லிண்ட்கிரெனும் போனார், ஆர்ச் எனிமி குழுவில் இருந்த ஃபிரெட்ரிக் ஓகெஸன் வந்தார். 2011-இல் கீபோர்ட் வாசித்த பெர் விபெர்க்கும் போனார். ஹெரிடேஜ் அட்டையில் மரத்திலிருந்து விழுகிற முகம் அவருடையதுதான். ஆக, ப்ளாக்வாட்டர் பார்க் வாசித்த நால்வரில் பத்தே வருடத்தில் மிச்சம் ஓகர்ஃபெல்டும் மெண்டெஸும் மட்டும். ஆட்கள் மாறினால் சத்தம் மாறத்தானே செய்யும்? உறுமலை ஒருவர் முடிவெடுத்து நிறுத்தலாம், திரும்பக் கொண்டும் வரலாம். கை மாறினால் மாறியதுதான்.

நள்ளிரவுராகம்:

இந்த இழையில் எதிர்க்கட்சி நான்தான் போலிருக்கிறது. எனக்கு ஹெரிடேஜ் மிகவும் பிடிக்கும், அதைத் தைரியமான ஆல்பம் என்றே நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

வாட்டர்ஷெட் முடிந்து அடுத்த ஆல்பத்துக்கு ஓகர்ஃபெல்ட் அதே பாணியில் இரண்டு பாட்டு எழுதினார். அப்போது மெண்டெஸ், இப்படியே போனால் எனக்கு ஏமாற்றமாக இருக்கும் என்கிற மாதிரி சொல்ல, இவர் இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். இதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்த இரண்டு பாட்டையும் நீட்டி இன்னொரு வாட்டர்ஷெட் போட்டிருந்தால் ரசிகர்கள் சந்தோஷமாக வாங்கியிருப்பார்கள், டிக்கெட்டும் விற்றிருக்கும். தனக்கே அலுத்துப்போன ஒன்றை அலுக்காதது போல் நடித்துக் கொடுப்பதுதான் ரசிகனை ஏமாற்றுவது. அவர் செய்தது அதற்கு நேர் எதிர்.

அப்புறம் "எழுபதுகளைக் கடன் வாங்குகிறார்கள்" என்ற குற்றச்சாட்டு. நண்பரே, நீங்கள் கொண்டாடும் 'ப்ளாக்வாட்டர் பார்க்' என்ற பெயரே எழுபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஒரு ஜெர்மானிய ப்ராக் குழுவின் பெயர்! 1998-இல் வந்த 'மை ஆர்ம்ஸ், யுவர் ஹர்ஸ்' தலைப்பு கோமஸ் என்ற ஆங்கிலேயக் குழு 1971-இல் வெளியிட்ட பாட்டின் வரியிலிருந்து எடுத்தது. ஓகர்ஃபெல்ட் பழைய இசைத்தட்டு சேகரிப்பதில் பித்துப் பிடித்தவர். அந்தப் பித்து 'மார்னிங்ரைஸ்' (1996) காலத்திலிருந்தே பாட்டுகளுக்குள் இருக்கிறது, இருபது நிமிடப் பாட்டு ஒன்றை அதில் வைத்தாரே, டெத் மெட்டல்காரர்கள் யார் அப்படிச் செய்வார்கள்? ஹெரிடேஜில் புதிதாக ஒன்றும் நுழையவில்லை. உள்ளே இருந்தது வெளியே வந்தது, அவ்வளவுதான்.

கடைசியாக, 'டேம்நேஷன்' (2003). முழு ஆல்பத்திலும் ஒரு உறுமல்கூடக் கிடையாது. அதை இங்கே யாரும் குறை சொல்லி நான் பார்த்ததில்லை. அதற்கு என்ன பதில்?

ஆறாம்தந்தி:

நல்ல கேள்வி, டேம்நேஷன் பற்றி யாராவது கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன்.

டேம்நேஷனும் டெலிவரன்ஸும் ஒரே காலத்தில் சேர்ந்து பதிவானவை. ஒன்று 2002 நவம்பரில், மற்றது 2003 ஏப்ரலில். கனத்தை எல்லாம் ஒரு தட்டில் வைத்துவிட்டு மென்மையை எல்லாம் இன்னொன்றில் வைத்தார்கள். ஒரு பாட்டுக்குள் நடக்கும் விஷயம் அங்கே இரண்டு ஆல்பத்துக்கு நடுவில் நடந்தது. டெலிவரன்ஸைக் கேட்டு முடித்துவிட்டு டேம்நேஷனைப் போட்டால் அந்த அமைதிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியும். குரலும் அப்படி, எதையோ அடக்கிக்கொண்டு பாடுகிற குரல். ஹெரிடேஜில் அடக்கி வைக்க ஒன்றுமே இல்லை. அதனால்தான் அங்கே அதே மென்மை எனக்கு வெறும் அலங்காரமாகக் கேட்கிறது.

தலைப்பைப் பழைய குழுக்களிடமிருந்து எடுத்தார்கள் என்கிறீர்கள், மறுக்கவில்லை. ஆனால் கோமஸை ஒரு தரம் கேட்டுவிட்டு 'மை ஆர்ம்ஸ், யுவர் ஹர்ஸ்' கேளுங்கள். பெயர்தான் அங்கிருந்து வந்தது, சத்தம் உலகத்தில் வேறு யாரிடமும் இல்லாதது. இப்போது 'பேல் கம்யூனியன்' பாருங்கள். அதில் இத்தாலியக் குழு காப்ளினின் பெயரையே வைத்த ஒரு வாத்திய இசை இருக்கிறது. கேட்டால் நிஜமாகவே காப்ளின் மாதிரி இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது, அங்கேதான் எனக்கு வருத்தம். ஹெரிடேஜில் ரோனி ஜேம்ஸ் டியோ நினைவாக ஒரு பாட்டு, அது அவர் பாடிய ரெயின்போ குழுவின் சத்தத்திலேயே ஓடுகிறது. பிடித்தவர்களுக்கு வணக்கம் வைப்பது தப்பே இல்லை. வணக்கம் வைக்கும்போது தன் குரலில் வைக்க வேண்டும்.

இரட்டைமிதி சொன்ன ஆள் மாற்றம் பற்றி: ஒத்துக்கொள்கிறேன், ஆனால் வாட்டர்ஷெட்டில் ஆக்ஸன்ராடும் ஓகெஸனும் ஏற்கனவே வந்தாயிற்று, அது எனக்கு அப்பட்டமான ஓபெத் ஆல்பமாகத்தான் கேட்டது.

தூறல்:

அண்ணா, நான் இந்த விஷயத்துக்குப் பின்வாசல் வழியாக வந்தவள். முதலில் கேட்டது 'பேல் கம்யூனியன்', காலேஜ் படிக்கும்போது. அதன் கடைசிப் பாட்டில் மெல்லோட்ரான் மெதுவாக ஏறி வரும் இடத்தில் பஸ்ஸில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். அதில் உறுமலும் இல்லை, இடியும் இல்லை. நீங்கள் சொல்கிற கணக்குப்படி பார்த்தால் எனக்கு அது ஒன்றுமே செய்திருக்கக்கூடாது, இல்லையா? நான் முன்னால் எந்த வெயிலிலும் நிற்கவில்லையே.

பழைய ஆல்பங்களை அதற்குப் பிறகுதான் கேட்டேன். 'ஸ்டில் லைஃப்' (1999) ரொம்பப் பிடித்தது, மற்றவற்றில் உறுமல் வந்தால் இன்னும் தள்ளிவிட்டுப் போகிறேன். ஒரு குழுவை முதலில் எங்கே பிடித்தோமோ அதுதான் நமக்கு அசல் ஆகிவிடுகிறது என்று தோன்றுகிறது. 2001-இல் ப்ளாக்வாட்டர் பார்க் வந்தபோது, 'ஆர்கிட்' (1995) காலத்து ரசிகர்கள் "இதில் ப்ளாக் மெட்டல் வாடை போய்விட்டது, சத்தத்தைப் பளபளப்பாக்கிவிட்டார்கள்" என்று சொல்லியிருக்க மாட்டார்களா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். 'இன் காவ்டா வெனெனம்' ஸ்வீடிஷ் பதிப்பைக் கேட்டீர்களா, ஆங்கிலமா?

ஆறாம்தந்தி:

தங்கச்சி, நீ அழுதது பொய் என்று நான் எப்படிச் சொல்வேன்? அந்தக் கடைசிப் பாட்டு அந்த ஆல்பத்திலேயே எனக்கும் பிடித்தது. அதற்கு மட்டும் ஒரு சொந்தத் துக்கம் இருக்கிறது.

ஸ்வீடிஷ் பதிப்பைத்தான் கேட்டேன், ஆங்கிலப் பதிப்பை ஒரு தடவைக்கு மேல் போடவில்லை. ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் தாய்மொழியில் பாடும்போது அவர் குரல் எங்கே அழுந்த வேண்டுமோ அங்கே அழுந்துகிறது. அந்த நான்கு ஆல்பத்தில் ஒன்றை வைத்துக்கொள் என்றால் அதைத்தான் வைத்துக்கொள்வேன். 2011-லேயே இந்தத் துணிச்சலோடு வந்திருந்தால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

ஆனால் "முதலில் பிடித்ததுதான் அசல்" என்பதை முழுசாக ஏற்க முடியவில்லை. ஆர்கிட் எனக்குப் பின்னால் கேட்ட ஆல்பம்தான். அதிலிருந்து வாட்டர்ஷெட் வரை வரிசையாகக் கேட்டால் ஒவ்வொன்றிலும் எதையோ கூட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். ப்ளாக்வாட்டர் பார்க்கில் தயாரிப்பில் உதவிய ஸ்டீவன் வில்சன் வந்து குரல்களை அடுக்கிக் கொடுத்தார், கோஸ்ட் ரெவரீஸில் கீபோர்ட் நிரந்தரமானது. கூட்டினால் எனக்கு ஒரு புகாரும் இல்லை. ஹெரிடேஜ்தான் முதல் கழித்தல்.

கிழக்குக்கரை:

நான் 2009-இல் சென்னை ஐஐடியில் சாரங் விழாவுக்கு ஓபெத் வந்தபோது கூட்டத்தில் நின்றவன். சிங்கப்பூருக்கோ ஐரோப்பாவுக்கோ போனால்தான் பார்க்க முடியும் என்று நினைத்திருந்த குழு நம்ம ஊர் மேடையில். வாட்டர்ஷெட் சமயம், அதாவது இங்கே எல்லாரும் பேசுகிற அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்த கடைசிக் காலம். மனிதர் பாட்டுக்குப் பாட்டு நிதானமாகப் பேசுவார், சாதுவாகச் சிரிப்பார், அடுத்த நொடி அந்த வாயிலிருந்து அந்தச் சத்தம் வரும். பக்கத்தில் நின்றவன் என் கையைப் பிடித்து அழுத்தியது நினைவிருக்கிறது, யாரென்றே தெரியாது.

அதனால் 2011 சுற்றுப்பயணச் செய்தி வந்தபோது எனக்கு வந்த கோபம் ஆல்பத்தைக் கேட்டு வந்ததைவிட அதிகம். ஹெரிடேஜ் வந்த கையோடு அமெரிக்காவில் கடடோனியா குழுவோடு போனார்களே, அந்த நிகழ்ச்சிகளின் பாட்டுப் பட்டியலில் உறுமல் உள்ள பாட்டு ஒன்றுகூட இல்லை. பழைய ஆல்பங்களிலிருந்தும் மெல்லிய பாட்டாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்திருந்தார்கள். புது ஆல்பத்தில் என்ன வேண்டுமானாலும் செய்யட்டும், அது அவர் உரிமை. காசு கொடுத்து வந்து நிற்கிறவனிடம் இருபது வருடப் பாட்டுகளில் பாதியை இல்லாதது போல் மறைப்பது என்ன நியாயம்? அடுத்த வருடமே கனமான பாட்டுகளை மேடைக்குத் திரும்பக் கொண்டுவந்தார்கள், அதற்குப் பிறகு நிறுத்தவும் இல்லை. அப்படியென்றால் தொண்டை போய்விட்டது என்று சிலர் சொன்ன காரணமும் செல்லாது. பாட முடிந்தது, பதிவு செய்யத்தான் மனமில்லை.

நள்ளிரவுராகம்:

கிழக்குக்கரை சொல்கிற அந்தச் சுற்றுப்பயணத்தை நானும் நியாயப்படுத்த மாட்டேன். மேடை வேறு, ஸ்டுடியோ வேறு.

ஆனால் ஆறாம்தந்தி, "கழித்தல்" என்ற இடத்தில் உங்களோடு மோத வேண்டியிருக்கிறது. டிஸ்டார்ஷனைக் குறைத்ததும் என்ன நடந்தது? மெண்டெஸின் பாஸ் முதல்முறையாகத் தெளிவாகக் கேட்டது. ஆக்ஸன்ராட் ஜாஸ் டிரம்மர் மாதிரி சிம்பலில் மெல்லத் தட்டுவது கேட்டது. ஸ்டாக்ஹோமில் அட்லாண்டிஸ் ஸ்டுடியோவில் பதிவு செய்தார்கள், அப்பா (ABBA) என்ற ஸ்வீடன் பாப் குழு பழைய நாளில் பாடின இடம். அந்த அறையின் காற்றே தட்டில் இருக்கிறது. கிட்டார் சுவர் இருந்தவரை இது எதுவுமே காதுக்கு வந்ததில்லை. ஒரு பக்கம் கழித்தால்தான் இன்னொரு பக்கம் கூட்ட இடம் கிடைக்கும்.

இரட்டைமிதி:

சிம்பல் விஷயம் உண்மை. ஹெரிடேஜில் டிரம்ஸ் சத்தம் அற்புதம், அதில் நான் வாயே திறக்க மாட்டேன். பாட்டுகள்தான் பிரச்சினை. ஒரு பகுதி முடிந்து அமைதி, அப்புறம் சம்பந்தமில்லாமல் இன்னொரு பகுதி. பழைய பாட்டுகளிலும் பகுதிகள் தாவும், ஆனால் தாவுவதற்கு முன் தரை அதிரும்.

புது ஆல்பத்துக்கு வருவோம், யாரும் அதைப் பேசவே இல்லை. வால்ட்டெரி வாய்ரினன் என்ற ஃபின்லாந்துப் பையன், முன்னால் பாரடைஸ் லாஸ்ட் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர், 2022-இல் சேர்ந்தார். எனக்கு லோபஸ் போனதிலிருந்து இருந்த ஏக்கத்தைக் கொஞ்சம் தீர்த்தது இவர்தான். வேகமாக அடிக்கிறார், ஆனால் இடைவெளி விடத் தெரிகிறது.

ஆறாம்தந்தி:

அதற்குத்தான் இழையையே தொடங்கினேன், வருகிறேன்.

முதல் உலகப் போருக்குப் பிந்தைய காலத்தில் ஒரு பணக்காரக் குடும்பத்தின் தகப்பன் செத்துப்போகிறான், பிள்ளைகள் முன் உயில் படிக்கப்படுகிறது. பாட்டுகளுக்குப் பெயர்கூட இல்லை, உயில் பத்திரம் மாதிரி பத்தி எண்கள், கடைசிப் பாட்டுக்கு மட்டும்தான் பெயர். ஜெத்ரோ டல் குழுவின் இயன் ஆண்டர்சன் வந்து வாசகங்களைப் படிக்கிறார், புல்லாங்குழலும் வாசிக்கிறார். கட்டுமானம் பிரமாதம். உறுமல் வரும் இடங்களில் செத்த கிழவன் கல்லறையிலிருந்து பேசுவது போல் இருக்கிறது, அதுவும் சரியான முடிவுதான். முதல் முறை அந்தக் குரல் வந்தபோது நான் சத்தம் போட்டுச் சிரித்தேன், சந்தோஷத்தில்.

ஆனால் நாலைந்து முறை கேட்டதும் பிடிபட்டது. எட்டு நிமிடத்தைத் தொடும் பாட்டு ஒன்றுகூட இல்லை. ப்ளாக்வாட்டர் பார்க்கில் எட்டில் மூன்று பாட்டு பத்து நிமிடத்தைத் தாண்டும். நீளம் எனக்குப் பெருமை இல்லை, நீளம் இருந்தால்தான் ஒரு ரிஃப் நம்மீது உட்கார நேரம் இருக்கும். டெலிவரன்ஸ் முடிவில் மூன்று நிமிடம் ஒரே ரிஃபில் நிற்கத் துணிந்தவர்கள், இங்கே எதிலும் முப்பது நொடி நிற்க மாட்டேன் என்கிறார்கள். கனம் வருகிறது, அது உறைப்பதற்குள் வயலின் வருகிறது, அது படிவதற்குள் வசனம். உறுமல் ஒரு கதாபாத்திரமாகத் திரும்பியிருக்கிறது. முன்பு அது பாட்டின் பாதி உயிராக இருந்தது.

ஹெரிடேஜில் தொடங்கிய அந்த வெட்டி ஒட்டும் பழக்கம் அப்படியே இருக்கிறது, அதன்மேல் பழைய குரலைப் பொருத்தியிருக்கிறார்கள். அதனால்தான் "பழைய ஓபெத்" என்று என்னால் சொல்ல முடியவில்லை.

தூறல்:

அண்ணா, எனக்கு இந்த ஆல்பத்தில் உறுமல் தள்ளிவிடத் தோன்றவில்லை, முதல்முறையாக. யார் பேசுகிறார்கள், ஏன் அந்தக் குரலில் பேசுகிறார்கள் என்று தெரிந்ததால் இருக்கலாம். இதைக் கேட்ட தைரியத்தில் நேற்று ப்ளாக்வாட்டர் பார்க் முழுசாக, எதையும் தள்ளாமல் கேட்டேன். முதல் பாட்டு கடைசியில் எல்லாம் அடங்கி வெறும் பியானோ மட்டும் வருகிறதே, அந்த இடத்தில் நீங்கள் சொல்வது புரிந்தது. ஆனாலும் பேல் கம்யூனியனை விட்டுத்தர மாட்டேன்.

ஆறாம்தந்தி:

விட்டுத்தர வேண்டாம் தங்கச்சி. அடுத்து 'கோஸ்ட் ரெவரீஸ்' கேள், ஹெட்ஃபோனில், முதல் பாட்டுக்கு வால்யூமைக் கூட்டாதே.

நள்ளிரவுராகம், உங்கள் பேச்சுக்காக இந்த வாரம் ஹெரிடேஜை பாஸை மட்டும் கவனித்துக் கேட்கிறேன், கேட்டுவிட்டு இங்கேயே எழுதுகிறேன். ஆனால் என் கோரிக்கை மாறாது: அடுத்த ஆல்பத்தில் உறுமல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பன்னிரண்டு நிமிடப் பாட்டு ஒன்று வேண்டும், அதில் ஒரு ரிஃபையாவது கடைசி வரை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்.

நள்ளிரவுராகம்:

கேளுங்கள். ஐந்தாவது பாட்டு தாண்டும் வரை எழுதாதீர்கள்.